ஏழு கேள்விச் சொற்கள்: சிங்களத்தில் அன்றாடம் கேட்டுக்கொள்வது எப்படி?

(கிரானில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிணறு துப்புரவாக்குவது, கூரைத் தகரம், விதைநெல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் இந்தக் கூட்டங்களில் கதைத்திருக்கிறோம். இன்று கதைக்கப்போவது கையில் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு சாமானைப் பற்றி. அது கேள்வி. மொழி தெரியாத ஓரிடத்தில் நின்று, தேவையான ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2007ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். புலிபாய்ந்தகல், பேரில்லாவெளி, திகிலிவெட்டை, தரவை, குடும்பிமலைப் பக்கம் போனவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். வந்தபின் எங்கள் களப் பணியாளர்களிடம் நீங்கள் சொன்ன கஷ்டங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: "அவர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்."

அப்படித் தலையாட்டிவிட்டு வருவதால் என்ன நடக்கிறது? கிளினிக் திகதி தவறுகிறது. மூன்று வேளை போடவேண்டிய குளிசையை ஒரு வேளை போடுகிறோம். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போய்விடுகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாத தாளில் கையெழுத்து வைக்கிறோம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவற்றில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

முதலில் உங்கள் உரிமை

உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. பெரியவர்கள் சிலர் வாய்விட்டே கேட்டார்கள்: "நாங்கள் ஏன் சிங்களம் படிக்கவேண்டும்? அவர்களல்லவா தமிழ் படித்துக்கொண்டு வரவேண்டும்?" நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டபோது எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எத்தனை பேர் கந்தோர் வாசலில் நின்றார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அதை மறந்துவிட்டுச் சிங்களம் படியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆகவே முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று ஆக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். நமது மாகாணத்தில் அரச அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் கடிதம் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிரானில் உள்ள கோறளைப்பற்று தெற்கு பிரதேச செயலகத்திலும், கிராம சேவையாளரிடமும், பள்ளிக்கூடத்திலும் நீங்கள் தமிழிலேயே கதைக்கலாம். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, தமிழில் தாருங்கள் என்று கேட்பதில் எந்தப் பிழையும் இல்லை. மொழி உரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.

மறுபக்கமும் அசைகிறது. 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேரும் உத்தியோகத்தர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று சொன்னது. சிங்கள உத்தியோகத்தர் தமிழ் படிக்கவேண்டும், தமிழ் உத்தியோகத்தர் சிங்களம் படிக்கவேண்டும்.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கும் வேளையில், இரவு பத்து மணிக்கு வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உங்கள் பிள்ளை எந்த வாட்டில் இருக்கிறான் என்று தேடி நிற்பது நீங்கள். அந்த நேரத்தில் சட்டத்தை விட ஒரு கேள்வி கைகொடுக்கும். தமிழில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்திலும் கேட்கத் தெரிந்திருப்பது உங்கள் கையில் இருக்கும் இன்னொரு திறப்பு. இரண்டாவது திறப்பை வைத்திருப்பதால் முதலாவதை யாரும் பறிக்க முடியாது.

பிற நாட்டில் நம்மவர்கள் செய்தது

இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ என்றொரு நகரம் இருக்கிறது. நம் நாட்டுத் தமிழர் பலர் அங்கே குடியேறி வீட்டுவேலை, துப்புரவு வேலை செய்து வாழ்கிறார்கள். இத்தாலி மொழிக்கும் தமிழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியான மொழிக்குள் போய் விழும் ஒருவர் இலக்கணப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தொடங்க முடியாது. கடையில் "குவான்தோ கோஸ்தா?", அதாவது என்ன விலை, என்று கேட்கவேண்டும். தெருவில் "தோவே?", அதாவது எங்கே, என்று கேட்கவேண்டும். விளங்காவிட்டால் "நோன் கபிஸ்கோ", விளங்கவில்லை, என்று சொல்லவேண்டும். இவ்வளவுடன் முதல் நாட்களைக் கடக்கலாம். இத்தாலியில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத் தனிச் சொல்கூடத் தேவையில்லை. சாதாரண வசனத்தின் கடைசியில் குரலை உயர்த்தினால் அது கேள்வியாகிவிடும்.

கடல் கடந்து போய், எழுத்தும் ஓசையும் வேறான மொழியில் நம்மவர்கள் கேட்டுப் பிழைத்திருக்கிறார்கள் என்றால், இரண்டு மணித்தியால பஸ் தூரத்தில் பேசும் மொழியில் கேட்பது நமக்கு ஏலாத காரியம் இல்லை. அதுவும் சிங்களம் கேள்வி கேட்கும் விதம் தமிழைப் போன்றது. அது எப்படியென்று பாருங்கள்.

தமிழின் "ஆ", சிங்களத்தின் "த"

தமிழில் "இருக்கிறார்" என்பதைக் கேள்வியாக்க என்ன செய்கிறோம்? கடைசியில் ஓர் "ஆ" போடுகிறோம். "இருக்கிறாரா?" சிங்களத்தில் அந்த இடத்தில் "த" போடுகிறார்கள். "இன்னவா" என்றால் இருக்கிறார். "இன்னவத?" என்றால் இருக்கிறாரா? அவ்வளவுதான். சொற்களின் ஒழுங்கும் நம்முடையதுதான்: முதலில் யார், பிறகு எது, கடைசியில் வினை.

உச்சரிப்புப் பற்றி ஒரு சொல். இங்கே சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கடைசியில் வரும் "த"வை அழுத்தாமல், "அது" என்பதில் வரும் "து" போல மெலிதாகச் சொல்லுங்கள். தொஸ்தர, தெமள, தன்ன, தென்ன, தவஸ, தஹய, தாஹ என்ற சொற்களில் முதலில் வரும் "த"வும் அப்படியே மெலிதானது. தியெனவா, தேருனே என்பவற்றில் "தண்ணீர்" என்பதில் வருவது போல அழுத்தமானது. இல்லை என்பதற்கான "நே" என்ற சொல்லை வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து நீட்டிச் சொல்லவேண்டும். உச்சரிப்புக் கொஞ்சம் பிழைத்தாலும் கவலை இல்லை. கேட்பவருக்கு விளங்கும்.

இனி அந்த ஏழு சொற்கள்:

மொகக்த? — என்ன?
கவ்த? — யார்?
கொஹேத? — எங்கே?
கவதாத? — எந்த நாள், எப்போது?
கீயத? — எவ்வளவு, என்ன விலை?
கொஹொமத? — எப்படி?
அய்? — ஏன்?

பார்த்தீர்களா? கடைசிச் சொல்லைத் தவிர மற்ற ஆறிலும் அந்த "த" ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லின் முடிவில் "த" என்று கேட்டால் உங்களிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இவற்றோடு நான்கு "ஆமா, இல்லையா" கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

இன்னவத? — (ஆள்) இருக்கிறாரா?
தியெனவத? — (பொருள்) இருக்கிறதா?
புளுவன்த? — முடியுமா, ஏலுமா?
ஹரித? — சரியா?

முதல் இரண்டையும் கவனியுங்கள். தமிழில் டொக்டரும் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. சிங்களத்தில் உயிருள்ளவருக்கு ஒரு சொல், உயிரற்ற பொருளுக்கு வேறு சொல். "தொஸ்தர மஹத்தயா இன்னவத?" டொக்டர் ஐயா இருக்கிறாரா? "பேத் தியெனவத?" மருந்து இருக்கிறதா? மாற்றிச் சொன்னாலும் விளங்கிக்கொள்வார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், மருந்து கிடைத்தால் போதும்.

கைகொடுக்கும் ஐந்து வசனங்கள்

இந்த உரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஐந்தையும் மறக்கவேண்டாம். முடிந்தால் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. மட்ட தேருனே நே. — எனக்கு விளங்கவில்லை.
2. பொட்டக் ஹெமின் கியன்ன. — கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.
3. தெமள தன்ன கெனெக் இன்னவத? — தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா?
4. லியலா தென்ன. — எழுதித் தாருங்கள்.
5. ஆயெத் கவதாத என்ன ஓனே? — திரும்ப எப்போது வரவேண்டும்?

"பொட்டக்" என்பதில் "ட்ட"வை "வண்டி" என்பதில் வரும் "டி" போல மெலிதாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது வசனம்தான் இவற்றில் பெரியது. நீங்கள் சிங்களத்தில் கேட்கும் கேள்வி, தமிழில் பதில் பெறுவதற்கான கேள்வி. நிறைய இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவர் உள்ளேதான் இருப்பார். ஆனால் நாம் கேட்காவிட்டால் அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. நான்காவது வசனமும் அப்படித்தான். எழுதித் தந்தால் ஊருக்கு வந்து தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசித்துக்கொள்ளலாம்.

ஆட்களைக் கூப்பிடும்போது ஆண் உத்தியோகத்தரை "மஹத்தயா" என்றும், பெண் உத்தியோகத்தரை "மிஸ்" அல்லது "நோனா" என்றும் கூப்பிடலாம். கண்டக்டரையோ கடைக்காரப் பையனையோ, உங்களைவிட இளையவர் என்றால் "மல்லி", தம்பி, என்று கூப்பிடலாம். மரியாதை குறையாமல் கேட்டால் பதிலும் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

ஆஸ்பத்திரியில்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தமிழில் கதைத்துச் சமாளிக்கலாம். அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ பொலன்னறுவைக்கோ அனுப்பினால்தான் சிரமம் தொடங்குகிறது. அங்கே தேவைப்படும் கேள்விகள் இவை:

வாட்டுவ கொஹேத? — வாட்டு எங்கே?
மகே புத்தா கொஹேத இன்னே? — என் மகன் எங்கே இருக்கிறான்? (மகள் என்றால் "மகே துவ")
தவஸட்ட கீ பாரக்த? — ஒரு நாளைக்கு எத்தனை தரம்?
கேமட்ட களின்த, பஸ்ஸெத? — சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

கடைசி இரண்டையும் மருந்து தரும் யன்னலில் நின்று கேளுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது, கேட்டால் ஏசுவார்களோ என்று பயந்து உறையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிடாதீர்கள். நீரிழிவு, பிரஷர், வலிப்பு மருந்துகளில் அளவு பிழைத்தால் அதன் விலை ஒரு உயிராகவும் இருக்கலாம். வரிசை அரை நிமிடம் பொறுக்கும். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிக் கேட்டாலும் கேள்விதான். உறையில் காலை, பகல், இரவு என்று அடையாளம் போட்டுத் தரச் சொல்லி, "லியலா தென்ன" என்று கேளுங்கள்.

பாதையிலும் மேய்ச்சல் தரையிலும்

விறகுக்கும், தேனுக்கும், மாடு தேடியும் காட்டோரம் போகிறவர்கள் நீங்கள். மிதிவெடியும் வெடிக்காத குண்டும் இன்னும் அகற்றப்படாத இடங்கள் இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் கேள்வியே தேவையில்லை, திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்தில், பக்கத்தில் காவலரண் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள்:

மே பாரென் யன்ன புளுவன்த? — இந்தப் பாதையால் போகலாமா?
மெதன போம்ப தியெனவத? — இந்த இடத்தில் வெடி இருக்கிறதா?

அங்கே நிற்கும் சிப்பாய்க்கு இது தெரியாமலும் இருக்கலாம். அவர் போகலாம் என்று சொன்னாலும், மிதிவெடி அகற்றும் பிரிவினர் துப்புரவாக்கிக் கையளித்த பாதைதானா என்பதைக் கிராம சேவையாளரிடம் தமிழில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம்.

மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மாடு கொண்டுபோகிறவர்களுக்கு இன்னுமொன்று: "மகே ஹரக் தெக்கத?" என் மாடுகளைக் கண்டீர்களா? "தெ"யைச் சொல்லும்போதும் வாயைக் கொஞ்சம் அகலத் திறக்கவேண்டும். எல்லைப் பக்கத்து விவசாயி ஒருவரோடு சண்டையாகிவிடக்கூடிய ஒரு விஷயம், அமைதியாகக் கேட்ட ஒரு கேள்வியோடு முடிந்துபோகவும் இடமுண்டு. எப்போதும் முடியும் என்று சொல்லமாட்டேன். கேட்காமலே முடிவதில்லை என்று மட்டும் சொல்வேன்.

பஸ்ஸில், கடையில்

வாழைச்சேனையிலிருந்து புணாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி தாண்டிப் போகும்போது மொழி மாறுவது உங்களுக்குத் தெரியும்.

மே பஸ் எக்க பொலன்னறுவட்ட யனவத? — இந்த பஸ் பொலன்னறுவைக்குப் போகிறதா?
ஈளங்க பஸ் எக்க கீயட்டத? — அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?
மம கொஹென்த பஹின்ன ஓனே? — நான் எங்கே இறங்கவேண்டும்?
மேக்க கீயத? — இது என்ன விலை?

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். "தஹய" என்றால் பத்து. "தாஹ" என்றால் ஆயிரம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும். நூறு "ஸீய", ஐந்நூறு "பன்ஸீய". சந்தேகம் வந்தால் தாளைக் கையில் காட்டி "ஹரித?" என்று கேளுங்கள், அல்லது எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிங்களம் முழுவதும் அந்நியம் என்றும் நினைக்காதீர்கள். கடைக்கு அவர்கள் சொல்வது "கடே". குடைக்கு "குடே". காசுக்கு "சல்லி". அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். ஆப்பமும் இடியாப்பமும் பிட்டும் அங்கேயும் அதே அடுப்பில்தான் வேகின்றன.

ஏமாற்றும் சொற்கள்

ஒரே ஓசையாக இருந்து வேறு பொருள் தரும் சொற்களும் உண்டு. இவற்றில் பெரிய வில்லன் "என்ன". உத்தியோகத்தர் உங்களைப் பார்த்து "என்ன" என்றால் அதட்டுகிறார் என்று நினைத்துப் பின்வாங்கவேண்டாம். சிங்களத்தில் "என்ன" என்றால் "வாருங்கள்" என்று அர்த்தம், அதுவும் மரியாதையான சொல். "ஹெட்ட என்ன" என்றால் நாளைக்கு வாருங்கள். "யன்ன" என்றால் போங்கள்.

"ஐயா" என்று நாம் மரியாதைக்குக் கூப்பிடுகிறோம். சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன். "தாத்தா" என்றால் அவர்களுக்கு அப்பா. விண்ணப்பம் நிரப்பும்போது "தாத்தாகே நம மொகக்த?" என்று கேட்டால் உங்கள் அப்பாவின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நம் வழக்கப்படி பாட்டனாரின் பெயரைச் சொல்லிவிட்டால் பத்திரத்தில் தகப்பன் பெயர் மாறிப்போகும். பிறகு அதைத் திருத்துவதற்கு எத்தனை நாள் அலையவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். "மம" என்று குறுக்கிச் சொன்னால் நான், "மாமா" என்று நீட்டினால் மாமா.

தாளில் கையெழுத்து வைக்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

விளங்காத கேள்வி ஒன்றுக்கு "ஒவ்" என்று சொல்லவேண்டாம். "ஒவ்" என்றால் ஆம். மரியாதைக்காகவும், பயத்திலும், சீக்கிரம் வீடு போகவேண்டும் என்ற அவசரத்திலும் நாம் "ஒவ், ஒவ்" என்று சொல்லிவிடுகிறோம். "இது உங்களுடையதா?" "நீங்கள் அங்கே இருந்தீர்களா?" "கிடைத்துவிட்டதா?" என்பவற்றில் எதற்கு ஆம் சொன்னோம் என்று தெரியாமல் ஆம் சொல்வது, எழுதாத தாளில் கையெழுத்து வைப்பது போன்றது. விளங்காவிட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: "மட்ட தேருனே நே."

தாள் ஒன்றை நீட்டினால் கேளுங்கள்:

மேக்கே மொனவத லியலா தியென்னே? — இதில் என்ன எழுதியிருக்கிறது?
கொப்பி எகக் தென்ன புளுவன்த? — ஒரு பிரதி தரமுடியுமா?

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அவசரகாலச் சட்டத்தின் கீழோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ கைது செய்யப்படுபவர் பற்றி 2006 யூலையில் ஜனாதிபதி பணிப்புரை ஒன்றை விடுத்தார். கைது செய்பவர் தன் பெயரையும் தரத்தையும் சொல்லவேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், வாக்குமூலம் அந்த ஆள் விரும்பும் மொழியில் பதியப்பட்ட பின்பே கையெழுத்துக் கேட்கப்படவேண்டும் என்று அது சொன்னது. ஆகவே ஒரு தாயோ மனைவியோ நின்று கேட்கக்கூடிய கேள்விகள் இவை: "கவ்த?" யார்? "அய்?" ஏன்? "கொஹேட்டத எக்கென யன்னே?" எங்கே கொண்டுபோகிறீர்கள்? நடுக்கத்தில் முழு வசனமும் வராவிட்டால் "கொஹேத?" என்ற ஒரு சொல் போதும். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, தாமதிக்காமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் அறிவியுங்கள்.

இப்படியான கேள்வி உங்களில் யாருக்கும் தேவைப்படக்கூடாது என்பதே எங்கள் விருப்பம். தேவைப்பட்டால் நாக்கில் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிலைப் பிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டுவிட்டோம். பதில் மழை மாதிரிக் கொட்டுகிறது. என்ன செய்வது? முழுவதையும் பிடிக்க முயலவேண்டாம். தேவையான ஒரு சொல்லை மட்டும் பிடியுங்கள். நாளைக் கேட்டிருந்தால் நாளை மட்டும் தேடுங்கள்.

அத — இன்று; ஹெட்ட — நாளை; அனித்தா — நாளை மறுநாள்; லபன ஸதியே — வருகிற கிழமை.

சந்துதா — திங்கள். அங்கஹருவாதா — செவ்வாய். பதாதா — புதன். ப்ரஹஸ்பதின்தா — வியாழன். சிகுராதா — வெள்ளி. செனசுராதா — சனி. இரிதா — ஞாயிறு.

பிடித்த சொல்லை அப்படியே எடுத்து, கடைசியில் "த" போட்டுத் திருப்பிக் கேளுங்கள். அவர் "சிகுராதா" என்றால் நீங்கள் "சிகுராதாத?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமையா? அவர் "ஒவ்" என்றால் முடிந்தது. நமது மொழியிலும் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்த இப்படித்தான் செய்கிறோம். இந்த ஒரு பழக்கம் கிளினிக் திகதியையும், கந்தோர்த் திகதியையும், வழக்குத் திகதியையும் காப்பாற்றும்.

வீட்டில் பழகுவது

இதற்கு வகுப்பும் கட்டணமும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையின் கொப்பியை வாங்கி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையை வாத்தியாராக்குங்கள். முதல் கிழமை ஏழு சொற்கள். இரண்டாம் கிழமை அந்த ஐந்து வசனங்கள். மூன்றாம் கிழமை ஒருவர் கண்டக்டர், ஒருவர் பயணி. நாலாம் கிழமை ஒருவர் மருந்து கொடுப்பவர், ஒருவர் நோயாளி. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, உங்களுக்குப் பயிற்சி.

ஆனால் முக்கியமான இடங்களுக்குப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் வருத்தத்தையோ, தகப்பனைப் பற்றிய விசாரணையையோ மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை வரக்கூடாது. அது பிள்ளையின் தோளுக்கு அதிகமான பாரம். அதற்காகத்தான் பெரியவர்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறோம்.

குறிப்பாகப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். கணவனை இழந்தோ, அவரைத் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்தும் பலர் இங்கே இருக்கிறீர்கள். முன்பு வெளியில் கதைக்கும் வேலையை வீட்டு ஆண் செய்தார். இப்போது பாங்குக்கும், கந்தோருக்கும், பொலிசுக்கும் நீங்களே போகிறீர்கள். தனியே போகவேண்டிய இடத்துக்கு முடிந்தவரை இருவராகப் போங்கள். ஒருவர் கேட்க, மற்றவர் பதிலைக் குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் கேள்வி கேட்பவரைப் "பெரிய வாய்" என்பார்கள். இத்தனை வருடமாக, கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. விலை கேட்பதில் தொடங்குங்கள். அடுத்த முறை பஸ் நேரம் கேளுங்கள். அதற்கடுத்த முறை மருந்தின் அளவு. அப்படிக் கேட்டுக் கேட்டு வாய் பழகினால், ஒரு நாள் தாளை நீட்டும்போது "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் துணிவும் வரும்.

இந்தக் கையேட்டின் பின் அட்டையில் ஏழு சொற்களும் ஐந்து வசனங்களும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராமத்துக்கு வரும் எங்கள் களப் பணியாளரைக் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்.